மூளைக்கு வயசு அறுபத்தொண்ணு

பாத்திமா மேரி டீச்சருக்கு வயசு அம்பத்தஞ்சு. ஆதார்ல அப்படித்தான் இருக்கு. ஆனா பெரம்பலூர் ஸ்கேன் சென்டர்ல எடுத்த படத்தைப் பார்த்த கம்ப்யூட்டர், அவங்க மூளைக்கு வயசு அறுபத்தொண்ணுன்னு சொல்லிடுச்சு.

அரியலூர் பக்கத்துக் கிராமங்கள்ல முந்நூறு பேரோட மூளையைப் படம் எடுத்து, மத்த நாட்டு ஜனங்களோட ஒப்பிட்டுப் பார்க்கிற ஆராய்ச்சி அது. ஆள் சேர்க்க வந்த பொண்ணு நந்தினி. ரெண்டாந்தடவை படம் எடுக்கக் கூப்பிட்டப்போ, "எனக்கு மட்டும் ஏம்மா மறுபடியும்?"னு டீச்சர் விடாம கேட்டு வாங்கின பதில்தான் இந்த அறுபத்தொண்ணு. "நோய்னு அர்த்தம் இல்லைங்க டீச்சர், மெஷின் போடுற உத்தேசக் கணக்குதான்"னு நந்தினி சொல்லத்தான் செஞ்சா. பயந்தவங்க காதுல அதெல்லாம் ஏறுமா?

டீச்சரோட அம்மாவுக்கு அறுபத்து மூணு வயசுல மறதி வந்துச்சு. பெத்த மகளையே "நீ யாரு வூட்டுப் பொண்ணு?"ன்னு கேட்டவங்க, கடைசி நாலு வருஷமும் அப்படியே இருந்துட்டுப் போனாங்க. கூட இருந்து கழுவித் துடைச்சவங்க டீச்சர். அதனால இப்போ தன்னையே வேவு பார்க்க ஆரம்பிச்சாங்க. ரசத்துல உப்பு மறந்தா போச்சு, கண்ணாடியைத் தேடினா போச்சு. யாரு வூட்டு ரசத்துலதான் உப்பு மறக்கல? நாலாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவங்க, நாளைக்குப் பிள்ளைங்களுக்குத் தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டா என்ன பண்றதுன்னு, வேலையை விடறதா ஒரு கடிதம் எழுதிக் கைப்பையில வெச்சுக்கிட்டாங்க. கொடுக்கத்தான் மனசு வரல.

அதுக்கு முன்னாடி தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாம்னு ஏலாக்குறிச்சிக்கு பஸ் ஏறினாங்க. தம்பி லூர்துராஜ் கடலைக்குத் தண்ணி கட்டிக்கிட்டு இருந்தார். அக்கா அழுது முடிக்கிற வரைக்கும் மம்பட்டியை ஊணிக்கிட்டு நின்னார்.

"ஏங்க்கா, எனக்கு என்ன வயசு?"

"அம்பத்தஞ்சு."

"உனக்கு?"

"அம்பத்தஞ்சுதான். ரெண்டு பேருக்கும் ஒரே தேதிதானே, ஜூன் ஒண்ணு."

"அப்போ என்னை இடுப்புல தூக்கிக்கிட்டு ஆடு ஓட்டிட்டுப் போனது யாரு? நாம என்ன ரெட்டைப் பிள்ளையா?"

டீச்சர் விரலை விட்டு எண்ண ஆரம்பிச்சாங்க.

லூர்துராஜைப் பள்ளிக்கூடத்துல சேர்த்த அன்னிக்கு, அக்கா பக்கத்துல இருந்தாத்தான் உக்காருவேன்னு அவர் அடிச்ச கூத்து கொஞ்சமில்ல. பாலசுந்தரம் வாத்தியார் அக்காவையும் கூப்பிட்டு உக்கார வெச்சார். பதினோரு வயசுப் பிள்ளையை ஒண்ணாம் வகுப்புல எப்படி எழுதறது? தம்பிக்குப் போட்ட தேதியையே அக்காவுக்கும் போட்டுட்டார். அந்தத் தேதியை எத்தனையோ பாரத்துல எழுதி எழுதி டீச்சருக்கே அது நெசமாயிடுச்சு. கணக்கு டீச்சருக்கு இந்தக் கணக்கு வரல பாருங்க.

மறுநாள் நந்தினியையும் வரச்சொல்லி, மாதா கோயில் ஃபாதர்கிட்ட பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்துத் தரச் சொன்னாங்க. ஃபாதர் பக்கம் பக்கமாப் புரட்டினார். பிறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலு, பிப்ரவரி. பாத்திமா மேரி. அறுபத்தொரு வயசுக்காரிக்கு அறுபத்தொரு வயசு மூளை.

"நம்ம பக்கத்து ஜனங்களுக்கு மூளை சீக்கிரம் முத்திப் போகுதுன்னு எங்க ஆபீஸ்ல எழுதவே ஆரம்பிச்சுட்டாங்க டீச்சர்"னா நந்தினி. "இன்னும் எத்தனை பேருக்கு இப்படி வாத்தியார் போட்ட தேதியோ. எல்லாரையும் திரும்ப விசாரிக்கணும். நீங்க கூப்பிட்டது பெரிய உபகாரம்."

டீச்சர் கைப்பையில இருந்த கடிதத்தை எடுத்து நாலாக் கிழிச்சாங்க. அந்த மெஷினைக்கூட ஒரு கும்பிடு போடலாம்னு இருந்துச்சு. அம்பது வருஷமா யாரும் கேக்காததை அதுதானே கேட்டுச்சு. ஆனா முதல் கும்பிடு அதுக்கில்ல. அன்னிக்கு அந்த மனுஷன் ஆறு வயசைக் குறைச்சு எழுதாம விட்டிருந்தா, ஆட்டுக்குப் பின்னாலேயே காலம் போயிருக்கும்.

"ஃபாதர், ஞாயித்துக்கிழமைப் பூசையில வேண்டிக்கிறதுக்கு ஒரு கருத்து எழுதிக்குங்க. பாலசுந்தரம் வாத்தியாருக்கு நன்றி."

ஃபாதர் பேனாவை எடுத்தார். "அவர் போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாச்சேம்மா. என்னத்துக்கு நன்றின்னு போடட்டும்?"

"எனக்காக ஒரு பொய் எழுதினதுக்கு."

ஃபாதர் ஒரு எழுத்து மாத்தாம அப்படியே எழுதிக்கிட்டார்.