மிட்டாய் டாக்டரின் பூஜ்யம்

“மறுபடியும் பூஜ்யம்தான் மேடம். இதோட ஆறு வாரம்!”

“அதுக்கு ஏன் லாட்டரி விழுந்த மாதிரி கத்துற?” மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “சின்னம்மை இல்லன்னா சந்தோஷப்படு.”

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. எங்கள் அலுவலகத்தின் வேலையே இதுதான். ஊரிலுள்ள குழந்தை மருத்துவர்கள் திங்கள்தோறும் ஒரு தாள் அனுப்புவார்கள்: போன வாரம் எத்தனை பிள்ளைகளுக்குச் சின்னம்மை, எத்தனை பேருக்குப் பொன்னுக்கு வீங்கி, எத்தனை பேருக்குக் கக்குவான். யாருக்கும் இல்லையென்றாலும் பூஜ்யம் போட்டே ஆகவேண்டும். கட்டத்தைக் காலியாக விட்டால் நான் போன் போட்டு உயிரை எடுப்பேன். எண்களை வரைபடத்தில் ஏற்றினால் நோய் எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்குப் போகிறது என்று தெரிந்துவிடும்.

அந்த வரைபடத்தில் மிட்டாய் டாக்டரின் கிளினிக்கைச் சுற்றி எல்லாமே சிவப்பு. அவர் இடம் மட்டும் வெள்ளை, அடைமழையில் ஒரே ஒரு மொட்டைமாடி மட்டும் காய்ந்து கிடப்பதுபோல. ஊசி போட்டதும் மிட்டாய் தருவதால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. மிட்டாய் கொடுக்கிறவர் பொய்க்கணக்கும் கொடுப்பாரா?

இதில் என் தலையும் உருளும். அக்காவுக்கு இது ஆறாம் மாதம். அவளுக்குச் சின்னம்மை வந்ததே இல்லை. எதிர்ப்புச் சக்தி இல்லையென்று ரத்தப் பரிசோதனையும் சொல்லிவிட்டது. மாசமாக இருக்கும்போது அந்தத் தடுப்பூசியும் போட முடியாது. இப்போது தொற்றினால் அவளுக்கும் ஆபத்து, வயிற்றில் இருப்பதற்கும் ஆபத்து. மூத்தவனுக்கோ மூச்சிழுப்பு. அம்மா மடியில் இல்லாமல் முகத்தில் மருந்துப்புகை மாஸ்க் வைக்க விடமாட்டான். “அந்தப் பக்கம் சின்னம்மையே இல்லாத கிளினிக் அதுதான்க்கா, கண்ண மூடிட்டுப் போ” என்று மார்தட்டி அனுப்பியது நான்தான். இரண்டு முறை போய் வந்துவிட்டாள். அடுத்த முறை நாளைக்கு.

மதியமே கிளம்பிவிட்டேன்.

கிளினிக்கின் முன்னறையில் எட்டு நாற்காலிகள், ஒரு மீன்தொட்டி, மடியில் தூங்கும் இரண்டு கைக்குழந்தைகள். மேசைக்குப் பின்னால் காதில் பேனா செருகிய அம்மா.

“குழந்தை எங்க?”

“குழந்தை இல்லைங்க.”

“அப்ப ஊசி உங்களுக்கா?”

யாரென்று சொன்னேன். “ஓ, திங்கக்கிழமை போன் பொண்ணா! குரலக் கேட்டு வயசான அம்மான்னு நெனச்சேன்” என்றபடி, வருகிற பிள்ளைகளின் பெயரும் நோயும் எழுதும் வரவுப் புத்தகத்தைத் தள்ளினார்.

பக்கம் பக்கமாகப் புரட்டினேன். காய்ச்சல், காதுவலி, சளி, மறுபடியும் சளி. சின்னம்மை ஒன்றுகூட இல்லை. தையலருகே கிழித்த தடம் இருக்கிறதா என்று விரலால் தடவிக்கூடப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் இருந்தது. இவ்வளவு சுத்தமாக இருந்ததுதான் உறுத்தியது.

அப்போது போன் அடித்தது. அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். “கொப்புளமா? நீர் கோத்திருக்கா? ஐயோ, முன்னாடி வந்துடாதீங்க. சந்து வழியா வாங்க. வந்துட்டு ஒரு மிஸ்டு கால் குடுங்க.”

மாட்டினாயா! தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து சந்துக்கு ஓடினேன். குப்பைத்தொட்டிக்கும் ஏசி பெட்டிக்கும் நடுவே ஒரு சின்னக் கதவு. சற்று நேரத்தில் ஒருவர், முகமெல்லாம் கொப்புளமாயிருந்த தன் மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து நின்றார். கதவு திறந்தது. திறந்தவர் டாக்டரேதான்.

“நீ யாரும்மா, குப்பைத்தொட்டிக்குப் பக்கத்துல?”

“நான்... சின்னம்மைக் கணக்கு, சார்.”

“கணக்கு ஒளிஞ்சுகிட்டெல்லாம் வருமா?” சிரித்துவிட்டு முதலில் சிறுமியைப் பார்த்தார். மருந்து எழுதினார், மிட்டாய் கொடுத்தார், அவர்கள் போனதும் அந்தக் குட்டி அறையின் ஜன்னல்களை அகலத் திறந்தார், கை கழுவினார், மேல்கோட்டைக் கழற்றி மாட்டினார். பிறகுதான் என்னிடம் வந்தார்.

“முன்னாடி பச்சக்குழந்தைங்க, மாசமா இருக்கறவங்க எல்லாம் உக்காந்திருக்காங்க. கொப்புளத்தோட ஒண்ணு உள்ள வந்தா போதும், அத்தன பேருக்கும் குடுத்துட்டுப் போயிடும். அதான் இந்தக் கதவு.”

“இதுவரைக்கும் எத்தன பேர் சார்?”

மேசையிலிருந்த டைரியைத் திறந்து எண்ணினார். “ஆறு வாரத்துல பத்தொன்பது.”

“பத்தொன்பதா! அப்புறம் ஏன் பூஜ்யம்னு அனுப்பினீங்க?”

சத்தம் கேட்டு அந்த அம்மா வந்துவிட்டார். “நான்தான் அனுப்புறேன். முன்னெல்லாம் டாக்டரக் கேட்டு எழுதுவேன். இப்ப உங்க தாள்லயே ‘வரவுப் புத்தகத்தைப் பார்த்து மட்டும் எண்ணவும்’னு தடிச்ச எழுத்துல போட்டிருக்கு. பாத்தேன், எண்ணினேன். சந்துல வர்றவங்க எப்படிங்க புத்தகத்துல வருவாங்க?”

எனக்குக் காது சூடேறியது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், யாரும் குத்துமதிப்பாக எழுதிவிடக் கூடாது என்று அந்த வரியைச் சேர்த்ததே நான்தான். அதற்கு மேடம் பாராட்டவும் செய்தார்.

வெளியே வந்து அக்காவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினேன்.

“அடிப்பாவி, பத்தொன்பதா! என்னக் கொண்டுபோய் நடுவுல உக்கார வச்சிருக்க!”

“இல்லக்கா, அவங்க யாரும் நீ இருந்த பக்கமே வரல.”

“கொப்புளம் வர்றதுக்கு முந்தின நாளே ஒட்டும்னு நீதானடி சொன்ன? அன்னிக்கு வெறும் காய்ச்சல்னு முன்னாடிதானே வந்திருப்பாங்க?”

கைப்பேசியில் வரைபடத்தை எடுத்தேன். அந்தச் சிவப்பையெல்லாம் தாண்டி, ஊரின் மறுகோடியில் இன்னொரு கிளினிக், அதுவும் வெள்ளை, அதுவும் ஆறு வாரமாகப் பூஜ்யம். நேற்றுவரை அதை நம்பியிருப்பேன். இன்று அங்கேயும் ஒரு சந்து இருக்குமோ, இல்லை கொப்புளத்தோடு எல்லோரும் முன்கதவிலேயே நுழைந்து யாரும் எழுதாமல் விடுகிறார்களோ என்றுதான் தோன்றியது.

“போகவா வேணாமா, ஒழுங்கா ஒண்ணு சொல்லுடி. பையன் நைட்டெல்லாம் இழுக்குறான்.”

அக்கா இன்னும் லைனில்தான் இருக்கிறாள். நீங்களே சொல்லுங்கள்: பத்தொன்பது பேரையும் பின்கதவில் வாங்கும் கிளினிக்கா, பூஜ்யம் மட்டுமே தெரிந்த கிளினிக்கா? நீங்களாக இருந்தால் உங்கள் அக்காவை எந்த வாசலுக்கு அனுப்புவீர்கள்?