எண்ணெய் இல்லாத குடுவை

நான் போட்ட கையெழுத்தை இன்னொருவர் பொய் என்று சொன்னால் எனக்குச் சோறு இறங்காது. அந்த வாரம் இரண்டு முறை சொன்னார்கள். அசாஹான் பக்கம் ஒரு பாமாயில் ஆலையில் பதினாறு வருடமாக எண்ணெயின் அமிலம் பார்ப்பவள் நான். நான் பார்த்து, ருஸ்மினா என்று கையெழுத்துப் போடாமல் ஒரு டேங்கரும் வாசலைத் தாண்டாது. அமிலம் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போனால் துறைமுகத்தில் எண்ணெயை இறக்க மாட்டார்கள். நான் ஐந்துக்குள் என்று எழுதி அனுப்பிய இரண்டு வண்டிகளை ஐந்துக்கு மேல் என்று திருப்பிவிட்டார்கள். மூன்றாவதும் திரும்பி வந்தால் லேப் சாவியைக் கொடுத்துவிட்டு எடைமேடையில் போய் உட்கார் என்றார் மேனேஜர்.

நான் அழவில்லை. மூன்றாவது டேங்கருக்கு நாலு புள்ளி ஏழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போட்ட கையோடு நானும் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். டிரைவர் பைஜோவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சண்டை போடவா போறீங்க இபு என்று, அம்மா என்பதுபோல் மரியாதை வைத்தே, வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். சண்டை போடுகிற அளவுக்கு எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை என்றேன்.

துறைமுக லேபின் தலைவர் புர்பா; ஐயா என்பதுபோல் எல்லோரும் பாக் புர்பா என்பார்கள். ஐம்பத்தாறு வயது, மடிப்புக் கலையாத சட்டை. எந்த ஆலைக்காரர் தன் எண்ணெய் கெட்டது என்று ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று ஆரம்பித்து, இருபது வருட அனுபவத்தையும் ஒரு பாட்டம் சொல்லி முடித்தார்.

"உன் கண்ணு முன்னாடியே பண்றேன் இத்தோ. அப்புறம் பேச்சு இருக்கக் கூடாது."

தங்கச்சி முறை வைத்துக் கூப்பிட்டாரே தவிர, குரலில் பாசம் ஒன்றும் இல்லை.

வேலையில் குறை சொல்ல முடியாது. மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் எண்ணெய் எடுக்கச் சொன்னார். உருக்கி, நன்றாகக் கலக்கி, ஐந்து கிராம் நிறுத்துக் குடுவையில் விட்டார். மூலையில் இருந்த டிரம்மிலிருந்து ஆல்கஹாலைப் பிடித்துச் சூடாக்கி அதன் மேல் ஊற்றினார். நிறங்காட்டி இரண்டு சொட்டு விட்டார். பிறகு பியூரெட் என்கிற அளவுக்குழாயைத் திறந்து, அமிலத்தை முறிக்கும் காஸ்டிக்கைச் சொட்டுச் சொட்டாக விழவிட்டுக் குடுவையைச் சுழற்றினார். ரோஸ் நிறம் வந்து நிலைத்ததும் மூடினார். காஸ்டிக் எவ்வளவு செலவாகிறதோ அவ்வளவு அமிலம்; கணக்குப் போட்டால் ஐந்து புள்ளி மூன்று.

அவருடைய உதவியாளர்கள் இரண்டு பேரும் பரீட்சையில் தோற்றவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள். நான் டிரம்மைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புது டிரம். ஆல்கஹாலிலும் கொஞ்சம் அமிலம் இருக்கக்கூடும். அதனால் என் லேபில் முதலில் அதில் காஸ்டிக் விட்டு லேசாக ரோஸ் ஆக்கிக்கொள்வேன். அதற்குப் பிறகுதான் எண்ணெய் அதைத் தொடும். இவர் டிரம்மிலிருந்து நேராக ஊற்றிவிட்டார்.

"இன்னொரு தடவ பண்ணுங்க பாக். இந்தத் தடவ எண்ணெய் விடாம."

"எண்ணெயே இல்லாம எதை அளக்குறது? என் பொறுமையையா?"

"அதையும்தான் பாத்துருவோமே."

என்னை மட்டம் தட்டுவதற்காகவே செய்தார். வெறும் ஆல்கஹால். சுத்தமாக இருந்தால் ஓரிரண்டு சொட்டிலேயே நிறம் மாறிவிட வேண்டும். ஐந்து சொட்டு விழுந்தது, மாறவில்லை. பத்தாவது சொட்டில் உதவியாளர்களின் சிரிப்பு நின்றது. இருபத்துமூன்றாவது சொட்டில்தான் ரோஸ் வந்தது. அவர் கால்குலேட்டரைத் தேடுவதற்குள் நான் மனக்கணக்காகவே போட்டுவிட்டேன். புள்ளி ஆறு. ஐந்து புள்ளி மூன்றில் அதைக் கழித்தால் நாலு புள்ளி ஏழு. எனக்குச் சந்தோஷம் பொங்கியது. அதை மறைக்கவும் இல்லை.

உதவியாளர்களைக் காப்பி குடிக்க அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார் பாக் புர்பா.

"உன் வண்டிக்கு நாலு புள்ளி ஏழுன்னு எழுதித் தர்றேன். இறக்கிட்டுப் போயிடு. டிரம் விஷயம் நமக்குள்ளயே இருக்கட்டும்."

உண்மையைச் சொன்னால், அது போதும் என்றுதான் முதலில் தோன்றியது. என் லேப் எனக்கு மிஞ்சும். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. டிரம்மை எப்போது திறந்தீர்கள் என்று கேட்டேன். திங்கட்கிழமை என்றார். ஜன்னல் வழியே பார்த்தால் வாசலில் மூன்று டேங்கர்கள் வந்த வழியே திரும்பிக்கொண்டிருந்தன. மூன்றும் வேறு வேறு ஆலைகளுடையவை, காலையில் இவர் வேண்டாம் என்று சொன்னவை. ஒவ்வொரு ஆலையிலும் என்னைப்போல் ஒருவர், சரியாக அளந்தும் திட்டு வாங்கக் காத்திருப்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அந்த மூணையும் உள்ள கூப்பிடுங்க. திங்கக்கிழமையில இருந்து திருப்பி அனுப்புன எல்லாருக்கும் சொல்லுங்க. என் வண்டிக்கு மட்டும்னா எனக்கு வேணாம்."

"சொன்னா நாளைக்கு இந்த நாற்காலி எனக்கு இல்ல, ருஸ்மினா."

"தெரியும் பாக். மூணு நாளா எனக்கும் அதே பயந்தான்."

அவர் ஒரு சுத்தமான குடுவையை எடுத்தார். மறுபடியும் வெறும் ஆல்கஹாலை ஊற்றித் தானே எண்ணிக்கொண்டு சொட்டுவிட்டார். இருபத்துமூன்று. குடுவையை மேசையில் வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

"வாசலா? அந்த மூணு வண்டியையும் நிறுத்து. எண்ணெய மறுபடி பாக்கணும். தப்பு என்னோடது. ஆமா, புர்பாதான் பேசுறேன், என் பேரையே எழுதிக்க."

பதினாறு வருடத்தில் எந்த லேபிலும் எந்தத் தலைவரும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஜெயித்தவள் நான், எனக்குத்தான் கண் கலங்கியது.