டுவெய்ன் வீட்டிலிருந்து கிளம்பிய கதை

எங்கள் மின்னசோட்டாவில் ‘ஹெட் அவுட்’, அதாவது ‘கிளம்பலாம்’, என்றதும் ஆள் கிளம்பிவிடுவான் என்று நம்புகிறவர் நிச்சயம் வெளியூர்க்காரர். முழங்கால்களைத் தட்டி அதை ஒருமுறை சொன்னால், கிளம்பும் யோசனை வந்திருக்கிறது, அவ்வளவுதான். சமையலறையில் ஒருமுறை, வாசலில் ஒருமுறை, காரில் ஒருமுறை என்று இன்னும் மூன்று பாக்கி. அதில் ஒன்றை விட்டுவிட்டுப் போனவனை ஊர் மூன்று தலைமுறைக்கு மன்னிக்காது.

அன்று என் மைத்துனன் டுவெய்ன் வீட்டில் மதியம் ஒரு மணிக்கே முழங்காலைத் தட்டினேன். நாலு மணிக்குப் பனிப்புயல் என்று வானொலி சொல்லியிருந்தது. மாட்டினால் அவர்கள் வீட்டு மடக்கு சோபாதான் கதி. அதன் நடுவே ஓடும் இரும்புக் கம்பி போன தடவை என்னைக் கேள்விக்குறியாக வளைத்தது. ஈஸ்டர் வரை என் ஷூவைப் பார்த்தே நடந்தேன்.

“சரி, ஹெட் அவுட் பண்ணலாம்னு பாக்குறோம்.”

“அதுக்குள்ளயா? காப்பி இப்பத்தான் போட்டேன்,” என்றாள் டுவெய்ன் மனைவி லவோன்.

ஒரு பானை காப்பி. சமையலறையில் இரண்டாவது முறை. மிச்ச உணவைக் கட்டிக்கொடுக்க டப்பா கிடைத்தது. மூடி தேட அரை மணி. வாசலில் மூன்றாவது. குளிர்கோட்டுக்குள் நான் வெந்துகொண்டிருக்க, என் மனைவி ஆர்லிஸ் யாருடைய பித்தப்பைக் கல்லையோ ஒவ்வொன்றாக விசாரித்தாள். மொத்தம் பதினொரு கல்.

“ஆர்லிஸ், பனி!”

“இரு, இன்னும் நாலு கல்லு இருக்கு.”

ஒருவழியாகக் காரில் ஏறி எஞ்சினை முடுக்கினேன். டுவெய்ன் ஜன்னலில் முழங்கையை ஊன்றினான்.

“எந்த ரோட்டுல போற?”

“இருக்கறதே ஒரு ரோடுதானேப்பா!”

“மான் குறுக்க வரும், பாத்து.”

சாப்பாட்டுத் தட்டு அளவு பனி விழுந்தது. அவன் தொப்பி கல்யாண கேக்காக உயர்ந்தது. முழங்கை மட்டும் அசையவில்லை. நான் ஆக்ஸிலரேட்டரை மிதித்தபோது சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றது. முடிந்தது கதை.

பனியை அள்ள மண்வாரி எடுக்க கராஜுக்குப் போனோம். டுவெய்ன் முகம் தொங்கியிருந்தது.

“உறைஞ்ச ஏரியில ஓட்டை போட்டு மீன் புடிக்கப் போலாம்னு மத்தியானத்துலேந்து தவிக்கிறேன், வெர்லின்.”

“அப்ப ஜன்னல்லேந்து கைய எடுத்திருக்கலாம்லய்யா!”

“எப்படி எடுக்கறது? நாலாவது தடவை நீ சொல்லவே இல்லியே!”

சொல்லத்தான் இல்லை.

மறுநாள் காலை, அந்த சோபாக் கம்பியின் மேல் படுத்தபடியே, ‘ஹெட் அவுட்’டை நாலு தடவையும் சேர்த்துக் கத்தினேன்.

அடுப்படியிலிருந்து லவோன் குரல் வந்தது:

“அதுக்குள்ளயா? காப்பி இப்பத்தான் போட்டேன்.”