அம்மனுக்குப் பின்னால் ஒரு முகம்

எங்கள் தோட்டத்துக் கோயில் தலைவர் காளியண்ணனுக்குத் தன் முகத்தின் மேல் அப்படியொரு பக்தி. போன வருடம் கோயில் காலண்டரில் அம்மனைவிடப் பெரிதாகத் தன் படத்தைப் போட்டார். எங்கள் ஊர் கலும்பாங்கில் பாதி வீடுகளில் கத்தரிக்கோலை எடுத்து அவரை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு அம்மனைச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள். அந்த வயிற்றெரிச்சலோடுதான் இந்த வருடம் புக்கிட் செந்தோசாவில் இருக்கும் எங்கள் கடைக்கு வந்தார்.

கடை என்றால் ஒரு லேசர் மெஷின், நான், என் கணவர் யுவனேஸ்வரன், அவ்வளவுதான். மெல்லிய பலகையை லேசரால் வெட்டி மரப் பொம்மைகள் செய்து விற்கிறோம். கணினியில் வரைவது நான். மெஷினை ஓட்டுவதும், யார் எது சொன்னாலும் "சரிங்க, சரிங்க" என்பதும் அவர். திருவிழாவுக்கு வரும் பிள்ளைகளுக்குக் கொடுக்க நான் ஒரு சின்னத் தேர் வரைந்திருந்தேன். பசை வேண்டாம், ஆணி வேண்டாம். துண்டுகளைப் பிள்ளைகளே சொருகி, நடுவில் அம்மன் பலகையை நிறுத்தி, கயிறு கட்டி இழுக்கலாம். அந்தச் சக்கரம் ஒழுங்காகச் சுற்றுவதற்குள் எனக்குக் கண்ணே பூத்துவிட்டது.

தலைவர் தேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்கு தங்கச்சி. என் படத்த எங்க போடப் போறீங்க?"

"தேருக்கு அடியில போடலாம்ணே."

"அடியிலயா? அம்மனுக்குப் பின்னாடி போடும்மா. அம்மன யாரு லா தூக்கிப் போடுவா?"

மனிதருக்கு மூளை இல்லை என்று இத்தனை நாள் தப்பாக நினைத்திருந்தேன். இருக்கிறது. இந்த ஒரு வேலைக்கு மட்டும் ஓடுகிறது. சாமி படத்தை நம் ஆட்கள் குப்பையில் போட மாட்டார்கள். கிழிந்தாலும் கொண்டுபோய்க் கடலில்தான் விடுவார்கள். அந்த மரியாதைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளப் பார்த்தார் எங்கள் தலைவர்.

லேசரால் சுட்டுத்தான் பலகையில் படத்தைப் பதிப்போம். இரண்டு பக்கமும் ஆழமாகச் சுட்டால் மெல்லிய பலகையில் நடுவில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் அவர் முகம் மேலாகப் படிந்தால் போதும் என்று அளவு வைத்தேன். "சூட்ட ஏத்திடாதீங்க" என்று கணவரிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டு, பலகை வாங்க ரவாங் போனேன். நான் அந்தப் பக்கம் போனதும் தலைவர் இந்தப் பக்கம் வந்திருக்கிறார். முகம் வெளுத்துக் கிடக்கிறதாம், மீசை கருகருவென்று இருக்க வேண்டுமாம். என் வீட்டுக்காரர் "சரிங்க" என்று லேசரின் சூட்டை ஏற்றிவிட்டார். நான் திரும்பியபோது எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு ஒட்டியாகிவிட்டது. நடந்ததைப் பற்றி என்னிடம் மூச்சுகூட விடவில்லை.

திருவிழா அன்று பிள்ளைகள் கூடாரத்தில் உட்கார்ந்து தேரைச் சொருகினார்கள். அம்மன் பலகையை வைத்து அழுத்தியதும் ஒரு பிள்ளையின் கையில் அதன் நடுத்துண்டு பெயர்ந்து விழுந்தது. அப்புறம் அடுத்த பிள்ளையின் கையில்.

"அம்மா, சாமி மூஞ்சி ஓட்டையாயிருச்சு!" என்று ஒரு சிறுமி வீறிட்டாள்.

திருவிழா நாளில் பின்னமான அம்மன். தாய்மார்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"பொம்பள செஞ்ச வேலைங்க. எந்த நாள்ல, எப்படி இருந்து வெட்டுனிச்சோ, தீட்டு பட்டுருச்சு."

கோயில் ஆர்டர்களை நம்பித்தான் எங்கள் கடை ஓடுகிறது. இந்தக் கங்கா கை பட்டால் சாமி உடையும் என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் அப்புறம் எவன் வருவான்? கணவரைப் பார்த்தேன். அவர் தன் கால்விரல்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

பலகையைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் தலைவரின் முகம் கரியாகியிருந்தது. என்ன நடந்திருக்கும் என்று புரிந்துவிட்டது. அதைக் கூடாரத்து விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். அம்மன் முகத்தின் நடுவில் வெளிச்சம் பாய்ந்தது. முனை இரண்டும் முறுக்கிய ஒரு மீசையின் வடிவத்தில்.

"எல்லாரும் நல்லா பாருங்க. தீட்டு மீசை வச்சிருக்குமா?"

கூடாரமே சிரித்தது. ஆனாலும் ஓரத்தில் சிலர் இன்னும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைக்கில் சொன்ன பழி அவ்வளவு சுலபமாகப் போய்விடாது.

பின்னமானதைக் கோயிலிலும் வீட்டிலும் வைக்கக்கூடாது, கோல சிலாங்கூர் கொண்டுபோய்க் கடலில் விட்டுவிடுங்கள் என்றார் பூசாரி. தலைவர் வேகமாகத் தலையாட்டினார். அவர் மனைவி புஷ்பா பாய்ந்து வந்தார்.

"இவரு மூஞ்சியும்ல சேந்து கடலுக்குப் போவுது! செத்தவங்க சாம்பல கரைக்கிற எடம்யா அது. நான் தாலியோட நிக்கிறது யாரு கண்ணுக்கும் தெரியலையா?"

குப்பையில் போட வழியில்லை, கடலில் விட வழியில்லை, வீட்டுக்குள் புஷ்பா விடவில்லை. அம்மன் பலகைகளைத் திரும்ப வாங்கி அடுக்கிய பெட்டிகள் தலைவரின் காரிலேயே கிடந்தன. இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்தார்.

"தங்கச்சி, பின்னாடி இருக்கிற என் மொகத்த மட்டும் தேச்சு எடுத்துக் குடும்மா. அப்புறம் கடல்ல விட்டுரலாம்."

தன் முகத்தைத் தானே தேய்க்க மனசு வரவில்லையாம். என் கணவர் "சரிங்க" என்று சொல்ல வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"மைக்ல சொன்னத மைக்லயே மாத்திச் சொல்லுங்கண்ணே. அப்புறம் பாக்கலாம்."

வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் சொன்னார். சூட்டை ஏற்றச் சொன்னது தான்தான், கங்கா மேல் தப்பில்லை என்று, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "கேக்கல தலைவரே!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். இன்னொரு முறை சத்தமாகச் சொன்னார்.

பெட்டிகள் கடைக்கு வந்து இறங்கின. "எப்ப ஆரம்பிக்கப் போற?" என்று கேட்டார் என் கணவர். சேண்ட்பேப்பர் கட்டை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"நீங்களே தேயுங்க. என் கை பட்டா தீட்டு."