வாசல் கல் நகர்ந்த நாள்

நான் யார் வம்புக்கும் போகிறவள் இல்லை. வம்புதான் என் சமையலறை ஜன்னலுக்கு எதிரே வந்து குடியிருந்தது.

எங்கள் சந்து ஒரு முட்டுச் சந்து. அது முட்டி நிற்கும் இடத்தில், பழைய மறைநூல்களை மொழிபெயர்த்து அச்சடிக்கும் வீடு. அங்கே புத்தகம் கட்டுகிறவனுக்குத் தெரு வைத்த பெயர் ‘வாசப்படி’. பால்காரர் கூப்பிட்டால் வாசல் கல் வரை வருவான், கையை நீட்டி வாங்கிக்கொள்வான். கால் மட்டும் கல்லைத் தாண்டாது. "என்னப்பா, வெளிய வெயில் கடிச்சிருமா?" என்று நானே கேலி செய்ததுண்டு. காரணம் தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். முழுசாக இல்லை, பாதி.

முன்பு அவன் லாரி ஓட்டியவன். வண்டியைப் பின்னால் எடுத்தபோது, சுவரோரம் நின்ற ஒரு வாலிபன் நசுங்கிப்போனான். கோர்ட்டு அதை விபத்து என்றது. செத்தவனின் அண்ணன் அப்படிச் சொல்லவில்லை. கத்தியோடு இந்த வீடு வரை துரத்திக்கொண்டு வந்தான்; இவன் உள்ளே ஓடிப் புகுந்துகொண்டான். பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்த அண்ணனின் அம்மாவுக்கு அந்த வீட்டில் அச்சாகும் மறைநூல் என்றால் உயிர். மகனின் கையைப் பிடித்து வாசல் கல்மேல் வைத்து அழுத்தினாள்.

"இந்தக் கல்லுக்கு உள்ள அவனைத் தொடமாட்டேன்னு சொல்லுடா."

சொன்னான். "வெளிய வந்தா விடமாட்டேன்" என்பதையும் அதே மூச்சில் சொன்னான்.

அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். சத்தியம் மட்டும் கல்மேல் உட்கார்ந்திருந்தது. அண்ணன் வேலை முடிந்து வரும் மாலைகளில், என் வாசலோரம் இருக்கும் விளக்குக் கம்பத்தில் சாய்ந்து அந்த வீட்டையே பார்த்துக்கொண்டு நிற்பான். அவன் நிற்கும்போது என் வீட்டுக் குழம்புகூடக் கொதிக்கத் தயங்கும்.

அங்கே மொழிபெயர்க்கிற கண்ணாடியம்மாவிடம் ஒரு நாள் கேட்டேன். "ஏம்மா, ஒரு கல்லுக்கு இவ்வளவு மரியாதையா?"

"அந்த நூல்ல அப்படித்தான். கிணத்தடியில நின்னா அந்நியன். கூடாரத்துக்குள்ள வந்துட்டா விருந்தாளி. எல்லைக்கல்லைத் தாண்டினா கொலைகாரன். ஆளு ஒருத்தன்தான், நிக்கிற இடம்தான் அவன் யாருன்னு சொல்லும்."

இதற்கு நூல் எதற்கு? என் வீட்டுக்காரர் அலுவலகத்தில் அதிகாரி, என் அடுப்படியில் வெங்காயம் உரிப்பவர். அன்றைக்குச் சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தேன்.

பிறகு ஒரு நாள் நகராட்சி ஆட்கள் வந்து, இடிப்பதற்காக அந்த வீட்டு மதிலில் சிவப்புச் சாயத்தில் குறி போட்டார்கள். முட்டுச் சந்தில் வண்டி திரும்ப இடம் வேண்டுமாம். அந்த வாரமே எந்திரம் வந்தது. மதில் விழுந்தது, வாசல் விழுந்தது. வாசல் கல்லை எந்திரம் ஒரு கவ்வு கவ்விச் சந்தின் நடுவே போட்டது. "காலைல லாரி வந்து எல்லாத்தையும் அள்ளிடும்" என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் போய்விட்டார்.

அண்ணனும் அன்று மதியம் வந்திருந்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"கல்லைப் பேத்துட்டாங்கல்லக்கா?" என்றான். "வாசலே இல்ல, அப்புறம் உள்ளன்னு ஏது?"

சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டு நடந்தான்.

புத்தகம் கட்டும் அறையை எட்டிப் பார்த்தேன். மறைக்க மதில் இல்லாததால் தெருவிலிருந்தே எல்லாம் தெரிந்தது. பசைக் கிண்ணம் காய்ந்து கிடந்தது. பாதி தைத்த புத்தகத்தில் ஊசி தொங்கியது. வாசப்படி மேசைக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, நான் இப்போ உள்ள இருக்கேனா, வெளிய இருக்கேனா?"

வீட்டுக்கு ஓடினேன்.

"எழுந்திரிங்க. கடப்பாரையை எடுங்க, கயித்தை எடுங்க."

"எதுக்குடி?"

"கல்லை இழுக்கணும்."

"உனக்குப் பைத்தியமா? அவன் சண்டை நமக்கெதுக்கு?"

"கேள்வி கேட்டா வெங்காயம் மட்டும் இல்ல, பூண்டும் சேர்த்து உரிக்கணும்."

புலம்பிக்கொண்டே வந்தார். கண்ணாடியம்மாவும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நெம்பினாள். மதில் இல்லாத வீட்டை அவன் நெருங்காதபடி, என் வாசலையும் அவன் சாயும் விளக்குக் கம்பத்தையும் தாண்டி, சந்தின் வாய்ப் பக்கமாகக் கல்லை நகர்த்திப் போட்டோம். உள்ளே என்பது இப்போது என் வீட்டையும் சேர்த்துக்கொண்டது. "முதுகு போச்சு" என்று என் வீட்டுக்காரர் உட்கார்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

அண்ணன் வந்தான். கல்லுக்கு முன்னால் நின்றான். தரையில் நீளமாக ஓடிய கீறலைப் பார்த்தான், பிறகு என் கையின் கொப்புளங்களைப் பார்த்தான்.

"கல்லு நடந்து வந்துச்சாக்கா?"

"எனக்கென்ன தெரியும் தம்பி? நான் யார் வம்புக்கும் போறதில்ல." குரல் எனக்கே எலிக்குரலாகக் கேட்டது. "ஆனா நீ சத்தியம் பண்ணது கல்லு மேலதானே, மதில் மேல இல்லையே?"

அவன் கை இடுப்புப் பக்கம் போனது. என் வீட்டுக்காரர் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். காப்பாற்றவா ஒளியவா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

இடுப்புக்குப் போன கை வெறுமையாகத் திரும்பியது. குனிந்தான். அம்மா அழுத்திய இடத்தைத் தேடுகிறவன்போலக் கல்லைத் தடவினான். ரொம்ப நேரம். பிறகு ஓரடி பின்னால் வைத்தான்.

"சரிக்கா. கல்லு இங்க. அப்போ நீங்களும் உள்ளதான்."

"ஆமா."

"நல்லது." என் முகத்தை மனப்பாடம் செய்கிறவன்போலப் பார்த்தான். "மளிகைக்கடை எந்தப் பக்கம்க்கா?"

கடை, பேருந்து, மகள் வீடு எல்லாமே அவன் நிற்கிற பக்கம்தான்.

காலையில் லாரி வந்தது. கல்லை மட்டும் தொடக்கூடாது என்று கண்ணாடியம்மா அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். எதிரே வாசப்படி புதுப் பசை காய்ச்சித் தைக்கத் தொடங்கிவிட்டான். ஊசி போய் வருவதை ஜன்னலிலிருந்து பார்க்கிறேன்.

வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு கல்வரை போனேன். சந்தின் வாயில் வேறொரு கம்பத்தில் அண்ணன் சாய்ந்து நிற்கிறான். பால்காரரைக் கூப்பிட்டு, கையை நீட்டி, "ஒரு பொட்டலம் உப்பு வாங்கிட்டு வாங்களேன்" என்றேன்.

"என்னக்கா, வெளிய வெயில் கடிச்சிருமா?" என்றார் அவர்.