யாரும் வந்து பார்க்காத வெள்ளம்

புயல் போய் ஆறு வருடமாகியும் எங்கள் வீட்டு வெள்ளம் வடியவில்லை. கதவுகள் திறந்தே கிடந்தன, வாசற்படி காய்ந்திருந்தது. உள்ளே மட்டும் இடுப்பளவு நீர், நிலைப்படியோடு நறுக்கி வைத்ததுபோல் நின்றது. அமெரிக்காவில், லூசியானாவின் தென்கரையில், எங்கள் தெருவின் மற்ற வீடுகள் பத்து நாளில் உலர்ந்துவிட்டன. காப்பீட்டு நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை சேதத்தில் கை வைக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அழுகிய இறாலோடு ஃப்ரிட்ஜைக்கூட டேப் சுற்றித் தெருவில் வைத்துவிட்டுக் காத்திருப்போம். என் கணவர் ஓவீட் விதியை மதிக்கிறவர். தண்ணீரும் மதித்தது.

பக்கத்து வீட்டு லுசீல் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலியருகே வருவாள். "மோட்டார் வச்சு இறைச்சு விடுங்கண்ணே. நாத்தம் என் சோத்துலயே விழுது."

"பாக்கறதுக்கு முன்னாடி இறைச்சா ஏமாத்துறேம்பான். கவர்மென்ட் லைசன்ஸ் கொடுத்த கம்பெனிம்மா, வருவான்."

"வருவான், உங்களைப் புதைக்கிற அன்னைக்கு."

நாங்கள் பரணில் குடியிருந்தோம். சுவரில் ஏறிய பூஞ்சை இரண்டாம் வருடம் அவர் நெஞ்சுக்குள் போனது. இருமும்போது கைக்குட்டையில் பச்சைத் தூள் விழுந்தது. மதிப்பீட்டாளரை அனுப்ப வைக்கும்படி கேட்க, உரிமம் வழங்கிய மாநில அலுவலகத்துக்குப் பேருந்தில் போனேன். அதிகாரி பன்றித் தொத்திறைச்சி தின்றுகொண்டிருந்தார்.

"சேதத்தை கம்பெனிதான் பாக்கணும் மேடம். நாங்க கம்பெனியை மட்டும்தான் பாப்போம்."

"பாத்தீங்களா?"

"அவங்க அனுப்புன பேப்பரைப் பாத்தோம்." எண்ணெய்க் கையை மேசையிலிருந்த கம்பெனிக் கோப்பிலேயே துடைத்துக்கொண்டார்.

நான் நேரே நிறுவனத்தின் முகவரிக்குப் போனேன். தூண்டில் புழு விற்கும் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு நாற்காலி. சுவரில் தங்க முத்திரையிட்ட உரிமம். மதிப்பீட்டாளர் என்று ஒருவர் அங்கே என்றைக்குமே இருந்ததில்லை என்றார் கீழே புழு விற்கிறவர். இதை நான் ஓவீட்டிடம் சொல்லவில்லை. காலையில் சவரம் செய்து, சட்டை மாற்றி, பரண் ஏணியில் உட்கார்ந்து சாலையையே பார்ப்பார்.

நான்காம் வருடம் நிறுவனம் திவாலானது, உரிமம் ரத்தானது. அதையும் அவரிடம் சொல்லவில்லை. ஐந்தாம் வருடம் ஓவீட் இறந்தார். அதே வாரம் அதே ஆட்களுக்கு வேறு பெயரில் புது உரிமம் கிடைத்தது. இந்த முறையும் யாரும் போய்ப் பார்க்கவில்லை.

வீட்டுக்கடன் இருக்கும்வரை காப்பீடு கட்டாயம். கரையோரத்தில் வேறு யாரும் எங்களுக்குப் பாலிசி தருவதில்லை. அதனால் போன மாதம் புது நிறுவனத்தின் விற்பனைப் பெண் வந்தாள். வாசலில் நின்று தண்ணீரை நன்றாகப் பார்த்தாள், அளவுகோலை விட்டு ஆழம் பார்த்தாள், படமும் எடுத்தாள். ஓவீட் ஐந்து வருடம் உட்கார்ந்திருந்தது இதற்குத்தான். ஆனால் அவள் மதிப்பிட வந்தவள் அல்ல, விற்க வந்தவள்; தண்ணீர் அசையவில்லை.

"இது எப்பவும் இங்கதான் இருக்குமாம்மா?"

"ஆமா."

வீட்டோடு சேர்ந்த பொருட்களின் பட்டியலில் அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே 'தண்ணீர்' என்று எழுதினாள். நான் கையெழுத்துப் போட்டேன்.