திருப்பக் கூடாத முட்டைகள்

மணி அலறியது. ஏகாம்பரம் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு ஆய்வுக்கூடத்தின் கடைசி அறைக்கு ஓடினான். அடைகாக்கும் பெட்டியின் கதவு சரியாகச் சாத்தப்படாமல் சூடு இறங்கியிருந்தது. சாத்தப் போனவன் அப்படியே நின்றுவிட்டான்.

மேல்தட்டில் காட்டுக் காடையின் முட்டைகள். கீழ்த்தட்டில், விமானத்தில் வந்த நாற்பது கடலாமை முட்டைகள். இரண்டும் எப்படி வளர்கின்றன என்று ஒப்பிடுவதுதான் அவன் ஆராய்ச்சி. ஆமை முட்டை ஒவ்வொன்றின் உச்சியிலும் பென்சிலால் குறி போட்டிருந்தான். இப்போது ஒரு குறிகூடக் கண்ணில் படவில்லை. எல்லாம் அடியில் போயிருந்தன.

காடை ஓயாமல் முட்டைகளை உருட்டும். உருட்டாவிட்டால் குஞ்சு பிழைக்காது. ஆமையோ மணலை மூடிவிட்டுத் திரும்பிப் பாராமல் கடலுக்குப் போய்விடும். அதன் கரு ஓட்டின் மேற்புறம் ஒட்டி வளர்வது, புரட்டினால் செத்துவிடும். காடை நம்ம ஊர் மாமியார் மாதிரி, எதையும் சும்மா இருக்க விடாது என்று மனைவி வேதவல்லியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான். காடை முட்டைகளைத் தினம் மூன்று முறை திருப்பி வைக்கும் வேலை அவளுக்குத்தான். டிசம்பர் முழுக்க வீட்டில் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாளே என்று பேராசிரியரிடம் கெஞ்சி அவன் வாங்கிக் கொடுத்த வேலை.

ஒரு முட்டையை விளக்கொளியில் பிடித்தான். போன வாரம் ஓடிய சிவப்பு நரம்புகள் இல்லை, கலங்கிய மஞ்சள்தான். ஏழு பார்த்தான். எட்டாவதைத் தொட மனம் வரவில்லை. இனி முட்டை அடுத்த வருடம்தான். மார்ச்சுக்குள் முடிவு காட்டாவிட்டால் பல்கலைக்கழக இடம் போய்விடும். அப்புறம் டொரொண்டோவில் அவனுக்கு என்ன இருக்கிறது?

வேதவல்லி கோட்டிலிருந்த பனியை உதறிக்கொண்டு வந்தாள். முட்டைகளைப் பார்த்தாள், முகம் மாறவில்லை. தெரியாமல் திருப்பிவிட்டாயா என்று கேட்டான். ஆமென்று சொல்லிவிடு என்பதுபோல் இருந்தது அவன் குரல். அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

“அசைக்கவே கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன், வேதா?”

அவள் கையுறைகளை நிதானமாகக் கழற்றினாள்.

“சொன்னீங்க, நான் மூணு மாசமா இருந்தப்ப டாக்டரும்தான் என்னை அசையக் கூடாதுன்னாரு, நீங்கதானே ‘நம்ம ஊர்ல புள்ளத்தாச்சிங்க நாத்து நடலையா’ன்னு நாலு மாடி ஏறிப் பெட்டி தூக்க வச்சீங்க.”